ஸ்போர்ட்ஸ் பைக்கை சாப்பராக மாற்றிய பின் வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் நண்பர் ஒருவரின் வெல்டிங் பட்டறை இருக்கிறது. அதன் சிமென்ட் தரையில் சுவரிலிருந்து சுவர்வரை ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு ஓடும். நாங்கள் கட்டிய சாப்பரின், அதாவது முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கை நீட்டிச் சாய்த்த வண்டியின், நடுக்கோடு அது. வண்டி முடிந்து வெளியே போன பிறகும் அதை அழிக்கவில்லை. என்ன கோளாறு வந்தாலும் வண்டியைத் திரும்பவும் அந்தக் கோட்டின் மேல்தான் கொண்டுவந்து நிறுத்துகிறோம்.

எங்கள் வண்டி 2011-ஆம் வருடத்து ஹோண்டா சி.பி.ஆர். 250 ஆர். கடலூரில் ஒருவர் ஓட்டி விழுந்து, ஃபேரிங் என்ற பிளாஸ்டிக் மேலுறை நொறுங்கி, வேப்பமரத்தடியில் கிடந்தது. 249 சி.சி., ஒற்றை சிலிண்டர், ரேடியேட்டர், ஃப்யூல் இன்ஜெக்‌ஷன். சாப்பர் கட்ட இதைவிடச் சுலபமான வண்டிகள் உண்டு. ஆனால் இதன் ஃபிரேம் இரும்பு, அதனால் துணிந்தோம். யமஹா ஆர்6, சி.பி.ஆர். 600 ஆர்.ஆர். போன்ற பெரிய வண்டிகளின் ஃபிரேம் அலுமினியம். அதோடு இரும்புக் குழாயை வெல்டு செய்து சேர்க்கவே முடியாது. அந்த மாதிரி வண்டியின் நெக்கை, அதாவது ஹேண்டில் அச்சைப் பிடிக்கும் ஃபிரேம் குழாயை, வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

வெட்டுவதற்கு முன் எங்கள் வண்டியின் அளவுகள் இவை: ரேக் 25 டிகிரி, டிரெயில் 95 மி.மீ. (இரண்டும் என்ன என்று கீழே சொல்கிறேன்), வீல்பேஸ், அதாவது இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில் உள்ள தூரம், 1367 மி.மீ. இந்த மூன்றையும் கலைத்துவிட்டுத்தான் சாப்பர் பிறக்கிறது. பிறகு வரும் கோளாறுகளில் முக்கால்வாசி இந்தக் கலைப்பிலிருந்து வருபவை. அதனால்தான் இந்தக் குறிப்பு முழுவதும் ஸ்பேனருக்கு முன்னால் அளவு நாடாவை எடுக்கச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டி மாறும்படி உரிமையாளர் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். டி.என். 31 என்றாலும் பி.ஒய். 01 என்றாலும் சட்டம் ஒன்றுதான். நாங்கள் கட்டியது காட்சிக்கு வைக்கும் வண்டி. வெளியே போனால் டாடா ஏஸில் ஏறிப் போகும். சோதனை ஓட்டமெல்லாம் தெரிந்தவர் ஒருவரின் ஆலை வளாகத்துக்குள் இருக்கும் தார்ச்சாலையில், அவருடைய அனுமதியோடு. ஹெல்மெட், கையுறை, பூட்ஸ், பக்கத்தில் இன்னொரு ஆள். இவை இல்லாமல் ஒரு தடவைகூட ஓட்டவில்லை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு அளவு

ஹேண்டில் திரும்பும் அச்சு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது ரேக். அந்த அச்சை நேராகக் கீழே நீட்டினால் தரையில் ஒரு புள்ளியைத் தொடும். முன் ஆக்சிலின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டால் இன்னொரு புள்ளி கிடைக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் டிரெயில். அச்சின் புள்ளி முன்னாலும் குண்டின் புள்ளி பின்னாலும் இருக்க வேண்டும். தள்ளுவண்டியின் சுழல் சக்கரம் எப்படி இழுபட்டுப் பின்னாலேயே வருகிறதோ, அப்படி வந்தால்தான் முன் சக்கரம் தானாக நேராகும்.

அளக்கும்போது ஆள் வண்டியின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும், இன்னொருவர் நேராகப் பிடிக்க வேண்டும். நெக் குழாயின் பக்கவாட்டில் நீளமான அலுமினிய சேனலை அச்சுக்கு இணையாக வைத்துத் தரைவரை நீட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் போடுபவர்களிடம் லேசர் மட்டம் இருக்கும், ஒருநாள் கேட்டு வாங்கினால் வேலை இன்னும் சுத்தமாக முடியும். ரேக்கை மொபைலில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியே காட்டிவிடும்.

காகிதத்திலும் கணக்குப் போடலாம். சக்கரத்தின் ஆரத்தை ரேக் கோணத்தின் சைனால் பெருக்குங்கள். அதிலிருந்து ஆஃப்செட்டைக் கழியுங்கள். ஆஃப்செட் என்பது ஹேண்டில் அச்சிலிருந்து ஆக்சில் எவ்வளவு முன்னால் தள்ளியிருக்கிறது என்பது. வருவதைக் கோணத்தின் கோசைனால் வகுத்தால் டிரெயில் கிடைக்கும். எங்கள் வண்டியின் பழைய 110/70-17 டயருக்கு ஆரம் 293 மி.மீ., ஆஃப்செட் சுமார் 38 மி.மீ. போட்டுப் பாருங்கள், 95 வரும்.

மெதுவாகப் போனால் ஹேண்டில் ஒரு பக்கமாகச் சரிந்து விழுகிறது

பட்டறை வாசலில் திருப்பும்போதே இது தெரிந்துவிடும். கொஞ்சம் திருப்பினால் மீதியைத் தானே திருப்பிக்கொள்ளும். கைகள் வலிக்கும், யு டர்ன் போடப் பயமாக இருக்கும். நேர்ச்சாலையில் வேகம் எடுத்தால் ரயில் மாதிரி நேராகப் போகும். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் டிரெயில் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

நாங்கள் முதலில் செய்த தவறு இது. நெக்கை 38 டிகிரிக்குச் சாய்த்தோம். முன்னால் 90/90-21 டயர் போட்டோம், ஆரம் 348 மி.மீ. ஃபோர்க்கைப் பிடிக்கும் மேல் டி, கீழ் டி இரண்டும் பழையவை, ஆஃப்செட் அதே 38. கணக்குப் போட்டால் டிரெயில் 224 மி.மீ. கம்பெனி வைத்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஹேண்டிலைத் திருப்பும்போது வண்டியின் முன்பகுதி கீழே இறங்கப் பார்க்கும் குணத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. டிரெயிலை ரேக் கோணத்தின் சைனாலும் கோசைனாலும் பெருக்க வேண்டும். பழைய வண்டியில் அது 36 மி.மீ., எங்கள் முதல் சாப்பரில் 109. மூன்று மடங்கு. கை வலித்ததில் ஆச்சரியமே இல்லை.

தீர்வாக ஹேண்டிலின் ஆட்டத்தைத் தணிக்கும் டேம்பர் போடலாம் என்று பலர் சொன்னார்கள். போடாதீர்கள். டேம்பர் சரிவதை மெதுவாக்கும், நிறுத்தாது. நெக்கை 33 டிகிரிக்குத் திரும்பக் கொண்டுவந்து, 5 டிகிரி சாய்த்துத் துளையிட்ட புதிய டி ஜோடியை லேத்தில் செய்து போட்டோம். கண்ணுக்கு ஃபோர்க் அதே 38 டிகிரியில்தான் நிற்கிறது, சாப்பரின் அழகு குறையவில்லை. ஆனால் ஹேண்டில் திரும்பும் அச்சு 33. டி-யிலிருந்து ஆக்சில்வரை 700 மி.மீ. என்றால் 5 டிகிரி சாய்வு ஆக்சிலை இன்னும் 61 மி.மீ. முன்னால் தள்ளுகிறது. ஆஃப்செட் 99 ஆகிறது. டிரெயில் 108-க்கு வந்துவிட்டது, சரியும் குணம் 49-க்கு இறங்கியது. மறுநாள் அதே வாசலில் ஒரே கையால் திருப்பினோம்.

டி செய்வதற்கு இரும்புத் தகடுகளை ஒட்டிச் சேர்க்க வேண்டாம். ஒரே கட்டியிலிருந்து கடைந்து எடுக்கச் சொல்லுங்கள். மேல் டி, கீழ் டி இரண்டையும் ஒரே பிடிப்பில் சேர்த்து வைத்துத் துளையிட வேண்டும். தனித்தனியாகத் துளையிட்டால் இரண்டு ஃபோர்க் குழாயும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்காது, ஷாக் உள்ளே சிக்கும்.

வேகம் எடுத்தால் ஹேண்டில் உதறுகிறது

இதைப் பார்த்தவுடன் வண்டியை நிறுத்திவிடுங்கள். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் கோன் செட், அதாவது நெக்கில் ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டக் டக் என்று தட்டினால் லூஸ். அடுத்து ஹேண்டிலை மெதுவாக இருபுறமும் திருப்புங்கள். நடுவில் ஒரு இடத்தில் பள்ளத்தில் விழுவது போல நின்றால் பேரிங் பாதையில் குழி விழுந்திருக்கிறது. அதை இறுக்கிச் சரிசெய்ய முடியாது, செட்டையே மாற்ற வேண்டும். நீளமான ஃபோர்க் நெம்புகோல் போல வேலை செய்வதால் சாப்பரில் கோன் செட் சீக்கிரம் தேயும்.

அப்புறம் சக்கரத்தின் கோணல், டயர் காற்று, ஸ்போக் இறுக்கம். இவை எல்லா வண்டிக்கும் பொதுவானவைதான், நீங்களே பார்த்துவிடுவீர்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் உதறினால் டிரெயில் குறைந்திருக்கிறது. இதைப் பற்றி நான் கவலையோடுதான் எழுதுகிறேன். நெக்கை வெட்டாமலே சாப்பர் தோற்றம் வேண்டும் என்று சாய்ந்த டி-யை மட்டும் வாங்கி மாட்டுகிறார்கள். மேலே சொன்ன அதே தந்திரம் இங்கே ஆபத்தாக முடிகிறது. பழைய 25 டிகிரி நெக், பழைய 17 அங்குல சக்கரம், 7 டிகிரி சாய்ந்த டி, ஆக்சில்வரை 600 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஃப்செட் 111 ஆகிவிடும். டிரெயில் வெறும் 14 மி.மீ.! ஒரு பள்ளத்தில் ஷாக் அமுங்கி முன்பகுதி தாழ்ந்தாலே அந்த 14-உம் காணாமல் போகும். அந்த நொடியில் சக்கரம் தானாக நேராகும் குணத்தை இழந்துவிடும். நண்பரின் பட்டறைக்கு இப்படி ஒரு வண்டி வந்தது. ஓட்டிய தம்பிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. சாய்ந்த டி என்பது அதிகமாகச் சாய்த்த நெக்கில் கூடிப்போன டிரெயிலைக் குறைப்பதற்கான பொருள். கம்பெனி நெக்கில் அதற்கு வேலையே இல்லை.

நீளமான ஃபோர்க்கை மட்டும் மாட்டினாலும் அளவு மாறும். 150 மி.மீ. நீளம் கூட்டினால் முன்பகுதி உயர்ந்து, வண்டியே பின்னால் 5, 6 டிகிரி சாய்ந்துவிடும். ரேக்கும் அவ்வளவு கூடும். அதோடு இன்ஜினும் சாயும். ஆயில் பார்க்கும் கண்ணாடியில் அளவு பொய்யாகத் தெரியும். இன்ஜினை மட்டத்துக்குக் கொண்டுவந்து ஆயில் பாருங்கள்.

கையை லேசாக விட்டால் ஒரு பக்கமாக இழுக்கிறது

மஞ்சள் கோட்டுக்கு இங்கேதான் வேலை. பின் டயரின் இரு பக்கமும் நைலான் நூலை ஒட்டிப் பிடித்து முன்னால்வரை இழுங்கள். முன் டயர் ஒல்லியாக இருப்பதால் நூலுக்கும் டயருக்கும் இடைவெளி வரும். இரண்டு பக்கமும் அந்த இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 12, இன்னொரு பக்கம் 18 என்றால் சக்கரம் 3 மி.மீ. தள்ளியிருக்கிறது. டயரின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் இடைவெளி மாறினால் சக்கரம் திரும்பியிருக்கிறது. தள்ளியிருந்தால் ஸ்பேசரில் சரிசெய்யலாம். திரும்பியிருந்தால் முதலில் செயின் அட்ஜஸ்டரைப் பாருங்கள். அதன் பக்கத்தில் உள்ள கோடுகளை நம்பாமல், பின் ஆக்சிலிலிருந்து முன்னால் ஒரு நிலையான புள்ளிவரை இருபுறமும் அளந்து பாருங்கள்.

அதிலும் சரியாகவில்லை என்றால் வெல்டிங் சூட்டில் ஃபிரேம் இழுத்துக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு இது நடந்தது. ஸ்போர்ட்ஸ் பைக்கில் இருப்பது டைமண்ட் வகை ஃபிரேம். கீழே சுற்றிவரும் குழாய் கிடையாது, இன்ஜினே ஃபிரேமின் ஒரு பகுதியாகப் பாரத்தைத் தாங்குகிறது. நாங்கள் இன்ஜினை வெளியே எடுத்துவிட்டுப் பின்பக்கக் குழாய்களை ஒட்டினோம். ஆறியபின் பின் மவுன்ட் போல்ட் உள்ளே போகவே இல்லை. சுத்தியலால் தட்டிப் போட்டோம், அதுதான் பெரிய தப்பு. வண்டி இடப்பக்கம் இழுத்தது.

திரும்ப வெட்டி, பழைய இன்ஜின் கூடு ஒன்றை மவுன்டில் போல்ட் போட்டு இறுக்கி, ஃபிரேமைத் தரையில் பதித்த ஐ-பீமோடு கட்டிவைத்து ஒட்டியபோது சரியாக வந்தது. முதலில் எல்லா இணைப்பிலும் நான்கு திசையிலும் புள்ளி வெல்டு மட்டும் வையுங்கள். நூல் பிடித்துப் பாருங்கள். பிறகு ஒரு அங்குலம் இங்கே, அதற்கு நேர் எதிரே ஒரு அங்குலம், ஆறவிட்டு அடுத்தது. ஒரே மூச்சில் சுற்றி ஒட்டினால் ஒட்டிய பக்கம் இழுக்கும். வண்டியில் வயரிங் இருக்கும்போது வெல்டு செய்வதாக இருந்தால் பேட்டரியையும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இ.சி.யூ.வையும் கழற்றி மேஜையில் வைத்துவிடுங்கள்.

நெக் பக்கத்தில் பெயின்ட்டில் மயிரிழை மாதிரி ஒரு கோடு

பெயின்ட் வெடிப்பு என்று விட்டுவிடாதீர்கள். அந்த இடத்தைச் சுரண்டி இரும்பு தெரிய வையுங்கள். டை பெனிட்ரன்ட் என்று மூன்று ஸ்பிரே டப்பா வரும், தொழிற்சாலைப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். துடைத்துவிட்டுச் சிவப்பை அடித்துப் பத்து நிமிடம் விடுங்கள், துடையுங்கள், வெள்ளையை அடியுங்கள். வெடிப்பு இருந்தால் வெள்ளைக்குள்ளிருந்து சிவப்புக் கோடு எழுந்து வரும். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. நெக் கழன்றால் ஓட்டுபவருக்குச் செய்ய எதுவும் மிச்சம் இருக்காது.

எங்கே வெடித்திருக்கிறது என்பதிலிருந்தே காரணம் தெரியும். வெல்டின் நடுவிலேயே நீளவாக்கில் வெடித்திருந்தால் வெல்டு மெலிது, அல்லது உள்ளே காற்றுக் குமிழ். வெல்டின் ஓரத்தில், குழாயும் வெல்டும் சேரும் இடத்தில் வெடித்திருந்தால் வெல்டு சூட்டில் ஓரம் உருகிக் குழிந்திருக்கிறது, இல்லையென்றால் பாரம் அங்கே குவிகிறது. வலுவுக்காக ஒட்டிய முக்கோணத் தகட்டின் நுனியில் வெடித்திருந்தால் தகடு அங்கே திடீரென்று முடிகிறது. நுனியை மீன் வாய் போல வளைத்து வெட்டி, பாரம் பரவும்படி செய்ய வேண்டும். குழாயைச் சுற்றி மோதிரம் போல வெல்டு விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காற்றுக் குமிழுக்குக் கடலோர ஊரில் கூடுதல் காரணம் இருக்கிறது. ஆர்கான் வெல்டிங்கில் வாயு உருகிய உலோகத்தை மூடிப் பாதுகாக்கிறது. மதியம் கடற்காற்று எழும்பியதும் திறந்த ஷட்டர் வழியாக வரும் காற்று அந்த வாயுவைத் தள்ளிக்கொண்டு போய்விடும். வெல்டின் மேல் ஊசித்துளைகள் தெரியும், உள்ளே இன்னும் அதிகம். எங்கள் பட்டறையில் நெக் வெல்டிங் என்றால் காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடித்துவிடுவோம். ஆர்க் வெல்டிங்கில் 7018 கம்பி போடுபவர்களுக்கு வேறு பிரச்சினை. ஈரக்காற்றில் திறந்து வைத்த கம்பி நீரை உறிஞ்சிக்கொள்ளும், வெல்டு ஆறியபின் உள்ளுக்குள் வெடிக்கும். ஓவனில் உலர்த்திய கம்பியைத்தான் எடுக்க வேண்டும். கேட் அடிக்கும் 6013 கம்பியோடு நெக் பக்கம் யாரையும் விடாதீர்கள்.

வெடித்த வெல்டின் மேலேயே இன்னொரு வெல்டு போடுவது வெடிப்பை மூடி மறைப்பதுதான். முழுக்க அரைத்து எடுத்துவிட்டு, சுத்த இரும்பிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். இரண்டு குழாய் நேருக்கு நேர் சேரும் இடத்தில் உள்ளே இறுக்கமாகப் பொருந்தும் ஒரு குழாய்த்துண்டை நுழைத்து, வெளிக்குழாயில் துளையிட்டு அந்தத் துளை வழியாகவும் வெல்டு பிடிக்க வைக்கிறோம். பின்பக்கக் குழாய்களுக்கு 3 மி.மீ. தடிமனுள்ள சீம்லெஸ் பைப். பர்னிச்சர் செய்யும் குழாயை அங்கே போடாதீர்கள்.

பவுடர் கோட்டிங்கைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வெறும் பிரைமரோடு சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, எல்லா வெல்டையும் சிவப்பு அடித்துப் பார்த்த பிறகே வண்ணம். உப்புக்காற்றில் வெற்று இரும்பு ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும், உண்மைதான். மெல்லிய துருவைத் துடைத்துவிடலாம்.

செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

சாவியைத் திருப்பியதும் டேங்க் பக்கம் காதை வையுங்கள். பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி முனகி நிற்க வேண்டும். சத்தம் வந்தால் பிளக், காயில் பக்கம் போங்கள். சத்தம் இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, அடுத்து வண்டி சாய்ந்தால் இன்ஜினை அணைக்கும் சென்சார்.

இந்தச் சென்சாரால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. ஃபேரிங்கைக் கழற்றும்போது அதை வைக்க இடமில்லை என்று சீட்டுக்குக் கீழே படுக்கவைத்துக் கட்டியிருந்தோம். வண்டி கவிழ்ந்து கிடப்பதாக நினைத்துக்கொண்டு அது பெட்ரோலை நிறுத்திக்கொண்டே இருந்தது. கம்பெனி வைத்த அதே திசையில், மேல்பக்கம் மேலே இருக்கும்படி நிமிர்த்தி வைக்க வேண்டும். வைத்தபின் சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் அது மறக்கும். சைட் ஸ்டாண்டைப் புதிதாகச் செய்திருந்தால் அதன் சுவிட்சையும் பாருங்கள்.

ஒருநாள் பிடிக்கும், ஒருநாள் பிடிக்காது என்றால் எர்த். பெயின்ட்டின் மேல் எர்த் வயரை முறுக்கியிருப்பீர்கள். சுரண்டிவிட்டு வைத்து, மேலே கிரீஸ் தடவுங்கள். வயரிங்கைப் புதிதாகச் செய்பவர்கள் படகுகளில் போடும் வெள்ளீயம் பூசிய செம்பு வயரை வாங்குவது நல்லது. வெறும் செம்பு இந்த ஊர்க் காற்றில் உறைக்குள்ளேயே பச்சையாகி, வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே பொடியாகிவிடும்.

ஓடிக்கொண்டிருந்த வண்டி அணைகிறது

சில கிலோமீட்டர் ஓடி அணைந்து, டேங்க் மூடியைத் திறந்ததும் உஸ் என்று காற்று உள்ளே போய், பிறகு ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. பெயின்ட் அடிக்கும்போது அடைபடுவது வழக்கம்.

டேங்கில் இரண்டு மூன்று லிட்டர் இருக்கும்போதே அணைந்தால் டேங்கின் சாய்வைப் பாருங்கள். சாப்பரில் டேங்கின் மூக்கு மேலே தூக்கியிருக்கும், பெட்ரோல் எல்லாம் பின்னால் தேங்கும். பம்ப் உறிஞ்சும் வாய் நடுவிலோ முன்னாலோ இருந்தால் காற்றைத்தான் உறிஞ்சும். அந்த வாய் டேங்கின் பின்கோடியில் இருக்க வேண்டும். சின்னக் கடலைக்காய் டேங்கில் பழைய பம்ப் உட்காராது. சுமார் 3 பார் அழுத்தம் தரும் வெளிப்பம்ப் வைக்கலாம். அப்படி வைத்தால் இன்ஜெக்‌ஷனுக்கான உயரழுத்தக் குழாயும் அதற்குரிய கிளிப்பும் கட்டாயம். சாதாரண பெட்ரோல் டியூப் பிதுங்கி வெடித்து, சூடான சைலன்சர் மேல் பெட்ரோல் கொட்டும்.

ஆக்சிலேட்டரைக் குறைக்கும்போது சைலன்சரில் பட் பட் என்று வெடித்து, பிளக் வெளுத்திருந்தால் காற்று அதிகம். ஏர் பாக்ஸைத் தூக்கிவிட்டுக் குட்டி ஃபில்டர் போட்டதன் பலன். பழைய ஏர் பாக்ஸுக்கு இடம் கண்டுபிடிப்பதுதான் சரியான வழி. நாங்கள் அதைச் சீட்டுக்குக் கீழே ஒளித்துவிட்டோம்.

நின்றால் சூடு ஏறுகிறது

ஃபேரிங் இருந்தவரை அது ரேடியேட்டருக்குக் காற்றை வழிநடத்தியது. இப்போது அது இல்லை. அதைவிட முக்கியம், ரேடியேட்டரை இடம் மாற்றும்போது அதன் மூடி கூலன்ட் பாதையிலேயே உயரமான இடமாக இருக்க வேண்டும். தாழ்ந்துவிட்டால் உள்ளே காற்று சிக்கும். இன்ஜின் ஹெட் கொதிக்கும், ரேடியேட்டருக்குப் போகும் குழாய் சில்லென்று இருக்கும். இரண்டையும் தொட்டுப் பார்த்தாலே போதும், ஆனால் ஹெட்டைத் துணி சுற்றித் தொடுங்கள். இன்ஜின் ஆறியபின் மூடியைத் திறந்து, முன்பக்கத்தை உயர்த்தி வைத்து, குமிழ் வருவது நிற்கும்வரை ஓடவிட்டு நிரப்புங்கள்.

செயின் சத்தம், செயின் தாவல்

பின்னால் ஷாக் இல்லாத வண்டியில் ஆக்சில் மேலும் கீழும் ஆடாது. அதனால் செயினின் தொய்வு 15, 20 மி.மீ. இருந்தால் போதும், பழைய புத்தகத்தில் உள்ள அளவைப் பின்பற்ற வேண்டாம். நீளமான செயின் நடுவில் சவுக்குப் போல அடிக்கும், கீழே ஒரு நைலான் உருளை வைத்துத் தாங்குங்கள். இரண்டு செயினை இரண்டு கிளிப் லிங்க் போட்டு இணைத்திருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள். நீளச் செயினாக வாங்கி, ரிவிட் லிங்க் ஒன்றே ஒன்று போட வேண்டும்.

பிரேக் பஞ்சு மாதிரி இருக்கிறது

உயரமான ஹேண்டில் என்றால் குழாயும் நீளம். காற்று எப்போதும் மேலே போகும், நாம் கீழே வடிக்கப் பார்க்கிறோம். பெரிய ஊசியில் டாட் 4 எண்ணெயை எடுத்து, காலிப்பர் நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே தள்ளுங்கள். மாஸ்டர் சிலிண்டர் கிண்ணம் மட்டமாக நிற்க வேண்டும், ஹேண்டில் சாய்வோடு அதுவும் சாய்ந்தால் பிரேக் பிடிக்கும்போது காற்றை உறிஞ்சும். சாதாரண ரப்பர் குழாயை ஸ்டீல் வலைக் குழாயாக மாற்றினால் விரலுக்கே வித்தியாசம் தெரியும்.

கியர் பாதியில் நிற்கிறது

கால் முன்னால் நீண்டதால் வந்த தொல்லை. இணைப்புக் கம்பி, கியர் ஷாஃப்ட்டில் உள்ள லிவரோடு 90 டிகிரியில் நிற்கிறதா பாருங்கள். கம்பி மெல்லியதாக இருந்தால் நாம் மிதிக்கும் விசையை அது வளைந்தே தின்றுவிடும்.

அதிர்வு, போல்ட் கழல்வது

முன்னால் சொன்ன டைமண்ட் ஃபிரேம் விஷயம் இங்கேயும் வரும். இன்ஜின் மவுன்டில் ஒரு போல்ட் லூஸ் என்றால் ஃபிரேமே ஒரு மூட்டில் லூஸ் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜினைத் தாங்கும் எல்லா போல்ட்டுக்கும் நீல நிற லாக்டைட் போட்டு இறுக்கி, போல்ட் தலையிலிருந்து ஃபிரேம்வரை வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறோம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் டார்ச் அடித்து அந்தக் கோடுகளைப் பார்ப்போம். வண்ணம் போட்ட பிறகு மூன்றாவது ஓட்டத்தில் இடப்பக்கப் பின் மவுன்டில் கோடு விலகியிருந்தது. இரண்டுமுறை இறுக்கியும் மறுபடி விலகியது. கழற்றிப் பார்த்தால் வாஷருக்குக் கீழே தடிமனான பவுடர் கோட்டிங். ஓட ஓட அது நசுங்கி மெலிந்து, போல்ட்டின் பிடி தளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. வாஷர் உட்காரும் வட்டத்தை மட்டும் இரும்புவரை சுரண்டி, துருப்பிடிக்காமல் கிரீஸ் தடவி இறுக்கினோம். அதற்கப்புறம் அந்தக் கோடு நகரவில்லை.